கணுக்காலில் ஒன்றரை

காலை எட்டரை மணிக்கு அண்ணி போன் செய்தபோது, அவள் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் தன் அறையில் உட்கார்ந்து, தீர்ந்துபோன ஜெல்லி பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்தாள். அன்றைய முதல் ஆள் இன்னும் வரவில்லை.

"ஒரே ஒரு சந்தேகம். கேக்கலாமா?" என்றாள் அண்ணி. அண்ணிக்கு எப்போதும் ஒரே ஒரு சந்தேகம்தான். அது தீர அரை மணி நேரம் ஆகும்.

"கேளுங்க அண்ணி."

"உங்க அண்ணன் கால்ல போட்ட கட்டு இருக்குல்ல, அதோட தூங்கவே முடியலையாம். கால கட்டிலுக்கு வெளிய தொங்கப் போட்டுக்கிட்டுப் படுக்கறாரு. தலகாணி வெச்சு உயர்த்திக்கோங்கன்னா கேக்கறதில்ல. தொங்கப் போட்டாத்தான் சுகமாம். அது பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்ல வாயைத் திறந்தவள் பாட்டிலை மேஜையில் வைத்தாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"கட்டு போட்டதுலேர்ந்து. இல்ல இல்ல, அதுக்கு முன்னாடியே ஒரு மாசமா. நேத்து ராத்திரி மட்டும் வலியே இல்லையாம். மரத்துப் போச்சு, நல்லதாப் போச்சுன்னு சொல்லிட்டு வண்டி ஓட்டக் கிளம்பிட்டாரு."

ரத்தம் கீழே தேங்கி வீங்கிய காலை உயர்த்தி வைத்தால் சுகம். மேலிருந்து ரத்தம் இறங்காத காலுக்குத் தொங்கப் போட்டால்தான் சுகம், அப்போதுதான் கொஞ்சமாவது இறங்கும். ஒன்பது வருஷமாகக் கால்களைப் பார்க்கிறவளுக்கு இது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். இறுக்கிக் கட்டுவது முதல் வகைக் காலுக்கு மருந்து. இரண்டாவது வகைக்கு அது கழுத்தை நெரிப்பது.

அந்தக் கட்டைப் போடலாம் என்று எழுதிக் கொடுத்ததே அவள்தான்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் 'பம்ப் அக்கா' என்று பெயர். கையிலும் கணுக்காலிலும் பட்டையைச் சுற்றி, ரப்பர் குமிழைக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்றடித்து, காலுக்கு ரத்தம் போகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. கணுக்காலில் ஜெல்லியைத் தடவி, பேனா போன்ற ஒரு கருவியை வைத்தால் ரத்தம் ஓடும் சத்தம் கேட்கும். பட்டையை இறுக்கினால் சத்தம் நிற்கும். தளர்த்தும்போது எந்த எண்ணில் மறுபடி கேட்கிறதோ அதுதான் கணுக்காலின் பிரஷர். அதைக் கையின் பிரஷரால் வகுக்க வேண்டும். ஒன்று வந்தால் நல்ல கால். தொண்ணூறு பைசாவுக்குக் கீழே போனால் எங்கோ அடைப்பு. பைசா என்று சொன்னால்தான் வருகிறவர்களுக்குப் புரிகிறது என்பதால் அவளும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டாள்.

திங்கட்கிழமை அண்ணன் வந்தான். டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர். பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. வலது கணுக்காலுக்கு மேலே ஆறு வாரமாக ஆறாத ஒரு புண், கூடவே வீக்கம். கட்டுப் போடும் நர்ஸ் கறார்ப் பேர்வழி. "பம்ப் அக்காகிட்ட சீட்டு வாங்கிட்டு வாங்க, அப்புறம்தான் இறுக்கிக் கட்டுவேன்" என்று அனுப்பிவிட்டாள். அண்ணன் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "பாத்துப் போடும்மா மார்க்கு, சின்ன வயசுல நான் உன் நோட்டைக் கிழிச்சதையெல்லாம் மனசுல வெச்சுக்காத" என்றான்.

கையில் நூற்று நாற்பது. கணுக்காலில் நூற்றைம்பதில் சத்தம் நிற்கவில்லை, நூற்றெண்பதில் நிற்கவில்லை. இருநூற்றுப் பத்தில்தான் போனது, தளர்த்தியபோது அங்கேயே திரும்பி வந்தது. வகுத்தால் ஒன்றரை. "அடேயப்பா, நூத்துக்கு நூத்தம்பது!" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். சீட்டில் 'மிக நன்று' என்று எழுதினாள். ஒன்றுக்கு 'நன்று', ஒன்றே காலுக்கு மேல் 'மிக நன்று'. அது அவளாக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். யாரும் எழுதச் சொல்லவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பயந்துகொண்டு வருகிறவர்கள் சிரித்துக்கொண்டு போவார்கள், அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

இப்போது போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அந்தச் சத்தம் காதில் வந்தது. நல்ல ரத்தக்குழாய் மூன்று தட்டாகப் பேசும். பெரிதாக ஒன்று, பின்வாங்கி ஒன்று, சின்னதாக மறுபடி ஒன்று. அண்ணனுடையது ஒரே மந்தமாக, ஊ... ஊ... என்றுதான் இருந்தது. காதுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. எண் பெரிதாக இருந்ததால் காதை வாயை மூடச் சொல்லிவிட்டாள். அந்தக் கால் முழங்காலுக்குக் கீழே முடியே இல்லாமல் வழுவழுவென்று மின்னியதையும் பார்த்தாள். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

சுவரில் அட்டை இருந்தது. எந்த எண்ணுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அச்சடித்த அட்டை. இரண்டு வருஷத்துக்கு முன் சுவருக்குப் பெயிண்ட் அடித்தபோது, சுவிட்சை மறைக்கிறது என்று அட்டையின் மேல் பக்கத்தை இரண்டு விரற்கடை அகலத்துக்குப் பின்னால் மடித்து ஒட்டினாள். சொந்தக் கையால், அழகாக, டேப் போட்டு. இப்போது அந்த மடிப்பை நகத்தால் கிளப்பினாள். டேப்போடு கொஞ்சம் பெயிண்டும் வந்தது. மடிப்புக்குள் ஒரு வரி இருந்தது: 'ஒன்று புள்ளி நான்குக்கு மேல்: எண்ணை நம்ப வேண்டாம். கால் விரல் பிரஷர் பார்க்கவும். மருத்துவரிடம் அனுப்பவும்.'

வேலை கற்றுக்கொண்ட முதல் நாள் இதைப் படித்திருக்கிறாள். படித்தது ஞாபகமும் வந்தது. எரிச்சலாக இருந்தது.

ரத்தக்குழாய் டாக்டர் அப்போதுதான் வந்து காரை நிறுத்திவிட்டுப் படியேறிக்கொண்டிருந்தார். படியிலேயே மறித்தாள்.

"டாக்டர், ஒண்ணரை வந்தா?"

"பழைய சர்க்கரை ஆளா?"

"ஆமா."

"குழாய் சுவத்துல சுண்ணாம்பு படிஞ்சு கெட்டியாயிருக்கும். நீ பட்டைய எவ்வளவு இறுக்கினாலும் லேசுல நசுங்காது. நசுங்கலன்னா பிரஷர் ஜாஸ்தின்னு காட்டும். உள்ள ரத்தம் போகுதா இல்லையான்னு அந்த எண்ணுக்குத் தெரியாது." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார். "யாருக்கு?"

"எங்க அண்ணனுக்கு. திங்கக்கிழமை இறுக்கிக் கட்டு போட்டாங்க. என் சீட்டைப் பாத்து."

"இன்னிக்கு வியாழக்கிழமை."

"ஆமா டாக்டர்."

"உடனே அவுக்கச் சொல்லு. நீ போயே அவுத்துடு. இங்க கூட்டிட்டு வா, நான் இருக்கேன்."

அண்ணனின் போன் அணைந்திருந்தது. அது அவளுக்குத் தெரிந்ததுதான். வண்டிக்குள் போன் கூடாது என்பது அவனுடைய சட்டம். ஸ்கூல் ஆபீஸ் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் காரில் ஏறுவான். கூட வேலை பார்க்கிறவர்கள் கேலி செய்வார்கள். பதினெட்டு வருஷத்தில் ஒரு கீறல் விழாத வண்டி என்று அவன் மார்தட்டிக்கொள்வான்.

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் போலப் படியிறங்கினாள். கட்டு வெட்டும் கத்தரியை நர்ஸ் மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டு, எதற்கு என்று நர்ஸ் கேட்கும்போதே வெளியே ஓடி, ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

டிரைவிங் ஸ்கூலில் இருந்த ஆபீஸ் பெண் ஒரு நோட்டைப் புரட்டி, "மாஸ்டர் ஒம்பது மணி கிளாஸ்ல இருக்காரு. ரிவர்ஸ் கிளாஸ். அப்படின்னா விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால இருப்பாரு. இல்லன்னா பாலத்துல. மேட்டுல நிறுத்தி எடுக்கச் சொல்லித் தருவாரு" என்றாள். மேஜை டிராயருக்குள் போன் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. "என்னக்கா, ஏதாவது அவசரமா? மாஸ்டர் காலுக்குத்தான் ஒண்ணரை மார்க் வந்திருக்காமே! எல்லார்கிட்டயும் சீட்டைக் காட்டினாரு."

சிவப்பு 'எல்' எழுத்துப் பலகை மாட்டிய வெள்ளைக் காரை ஒரு ஊரில் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. மற்ற நாளில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒன்று நடுரோட்டில் நின்று வழி மறிக்கும். மைதானத்தின் பின்னால் யாரும் இல்லை. நாலு கம்பும் சக்கரத் தடமும்தான் இருந்தன. பாலத்தில் ஒரு வெள்ளைக் கார் மேட்டில் நின்றது. விரட்டிப் போய்க் கண்ணாடியைத் தட்டினாள். வேறு ஸ்கூல், வேறு மாஸ்டர். ஓட்டிக்கொண்டிருந்த பையன் பயத்தில் இன்ஜினை அணைத்துவிட்டான். அந்த மாஸ்டர் அவளைத் திட்டிய திட்டுகளில் பாதியைக் கேட்காமலே திரும்பினாள்.

ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அவள் கணக்குப் போட்டாள். திங்கள் மாலை நாலு மணி. செவ்வாய், புதன் முழுசாக. இன்றைக்கு இந்நேரம். நேற்று ராத்திரி வலி நின்றுவிட்டது என்று அண்ணி சொன்னது ஒவ்வொரு விளக்கிலும் புதிதாக வந்து குத்தியது. வலி நின்றால் நல்லது என்று எந்த மடையன் சொன்னான்? அண்ணன்தான் சொன்னான். 'மிக நன்று' என்று ஒருத்தி எழுதிக் கொடுத்தால் அவன் வேறென்ன சொல்வான்?

போன வருஷம் அண்ணனோடு கடைத்தெருவில் நடந்தது நினைவுக்கு வந்தது. நாலு கடைக்கு ஒரு தடவை நின்றான். செருப்புக் கடை, பாத்திரக் கடை, பொம்பளைகள் துணிக்கடை, எல்லாவற்றையும் கண்ணாடி வழியாக ரசித்தான். "எப்பத்திலேர்ந்து உனக்கு இந்த ஆசை?" என்று அவள் கேலி செய்ததற்கு, "நின்னு பாக்கறவனுக்குத்தான் உலகம் தெரியும்" என்றான். குனிந்து கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டதையும் பார்த்தாள். நடந்தால் வலிக்கிறது, நின்றால் போய்விடுகிறது. அவளிடம் வருகிற பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். சொந்த அண்ணன் சொல்லாமல் செய்து காட்டியபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. இப்போது ஹெல்மெட்டுக்குள் ஓவென்று அழுதாள். பக்கத்தில் நின்ற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒருத்தர் எட்டிப் பார்த்தார்.

தபால் ஆபீசுக்குப் பின்னால், பள்ளிக்கூட மதில் ஓரமாகப் போகும் சந்தில்தான் கடைசியில் அந்தக் கார் அகப்பட்டது. எதிர்த் திசையில், ஆடி அசைந்து ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது, கழுத்தில் அளவு டேப்போடு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு தையல்காரம்மா. பக்கத்தில் அண்ணன், விரலை உயர்த்தி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவள் யோசிக்கவில்லை. ஸ்கூட்டரைச் சந்தின் குறுக்கே நிறுத்தி, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள்.

தூரம் நிறையவே இருந்தது. கார் போன வேகத்துக்கு ஒரு குழந்தை கூட நிறுத்தியிருக்கும். தையல்காரம்மா அவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அதனால் ஒன்றும் இல்லை. மாஸ்டர் பக்கத்தில் தனி பிரேக் உண்டு. அதற்குத்தானே அவன் அங்கே உட்கார்ந்திருக்கிறான். அண்ணன் முன்னால் சாய்ந்து காலை ஊன்றுவது கண்ணாடி வழியாகவே தெரிந்தது. கார் நிற்கவில்லை. கடைசி நொடியில் அவள் மதிலோரம் தாவினாள். கார் ஸ்கூட்டரை முட்டித் தள்ளி, அதன்மேல் பாதி ஏறி, இன்ஜின் அணைந்து நின்றது.

அண்ணன் கதவைத் திறந்து இறங்கினான். முகம் வெளிறியிருந்தது. "உனக்கு ஒண்ணும் ஆகலையே? அடிபடலையே? ஏண்டி நடுவுல வந்து நிக்கிற!"

"நீ ஏன் பிரேக் போடல?"

"போட்டேன்."

"போடல."

"போட்டேம்மா." குனிந்து காருக்குள் பார்த்தான். பிரேக்கையும் அதற்குப் பக்கத்தில் கால் அழுந்திய வெறும் தரை விரிப்பையும் மாறி மாறிப் பார்த்தான். "போட்டேன்னுதான் நெனச்சேன்" என்றான் மெதுவாக.

அவனைக் கார் சீட்டின் ஓரத்தில் உட்கார வைத்து, நடுச்சந்தில் மண்டியிட்டு, செருப்பைக் கழற்றினாள். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் ஜில்லென்று இருந்தன. சுண்டுவிரல் கருநீலம். கத்தரியை உள்ளே விடக்கூட இடமில்லாமல் கட்டு இறுகியிருந்தது. நர்ஸ் வேலையில் குறை சொல்ல முடியாது. ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினாள். அவசரத்தில் ஒரு தடவை தோலில் கீறிவிட்டாள். அவன் அதற்கு 'ஸ்' என்றுகூடச் சொல்லவில்லை, அவள் என்ன செய்கிறாள் என்று வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் மார்க்குக்கு என்ன ஆச்சு?" என்றான்.

"தப்பாப் போட்டுட்டேன் அண்ணா."

தையல்காரம்மா மட்டும் "என்னாலயா? என்னாலதான் இடிச்சுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இல்லை என்று அண்ணன் அவளிடம் மூன்று தடவை சொன்னான்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கால் விரலுக்கான குட்டிப் பட்டை அவள் அலமாரியில் ஒன்பது வருஷமாக பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. டாக்டர் பக்கத்தில் நிற்க, அதைப் பிரித்து அண்ணனின் கால் கட்டைவிரலில் சுற்றினாள். விரலின் குழாய்கள் அவ்வளவு சீக்கிரம் கெட்டியாவதில்லை, அதனால் அவை பொய் சொல்லாது என்றார் டாக்டர். எண் வந்தது. இருபத்தாறு. முப்பதுக்குக் கீழே போனால் புண் ஆறாது, காலே ஆபத்து. அவர் அதை உரக்கச் சொல்லவில்லை. அன்று மதியமே தொடையிலிருந்து ஒரு கம்பியை விட்டு, மூடிக்கிடந்த குழாயைப் பலூனால் விரித்தார்கள். கால் தப்பிக்கும், சுண்டுவிரல் தப்பிக்காது என்று மாலையில் டாக்டர் வந்து சொன்னபோது அண்ணி பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே ஒரு சந்தேகம்கூடக் கேட்காமல் அழுதாள். இன்னும் ரெண்டு நாள் கட்டு இருந்திருந்தால் வேறு கதை என்றும் டாக்டர் சொன்னார். அதை அவள் பக்கம் பார்க்காமல் சொன்னார்.

மறுநாள் வார்டில் அண்ணன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மடித்து ஒட்டிய அட்டையைப் பற்றி அவள் ஒன்று விடாமல் சொன்னாள். சுவிட்ச், பெயிண்ட், டேப், 'மிக நன்று', எல்லாம். திட்டுவான் என்று நினைத்தாள். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"போகட்டும் விடு. பதினெட்டு வருஷ ரெக்கார்டு போச்சு, அதுதான் எனக்கு வருத்தம்" என்றான். "சுண்டுவிரல்ல எனக்கு ஒரு வேலையும் இருந்ததில்ல."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஜன்னல் திரையைச் சரி செய்தாள். தண்ணீர் பாட்டிலை எடுத்து நகர்த்தி வைத்தாள். மறுபடி பழைய இடத்திலேயே வைத்தாள். இருப்புக் கொள்ளவில்லை. மன்னிப்புக் கிடைத்துவிட்டது, வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்க வேண்டியதுதான். ஆனால் நேற்றுக் காலை அந்த மடிப்பைக் கிளப்பிய நிமிஷத்திலிருந்து ஒரு விஷயத்தை அவள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள், பக்கத்தில் போகாமல்.

அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "ஏம்மா, என்னை மாதிரி இன்னும் எத்தனை பேருக்கு எழுதிக் குடுத்த, மிக நன்றுன்னு?"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்கு ஏறினாள். வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள். பத்து நிமிஷம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். பதிவேட்டை எடுத்து, சுவருக்குப் பெயிண்ட் அடித்த மாதத்திலிருந்து புரட்டினாள். தேட வேண்டிய வேலையே இல்லை. 'மிக நன்று' என்பதை அவள் எப்போதும் பச்சை மையில் எழுதுவாள். ஒன்றே காலையும் ஒன்று முப்பதையும் தள்ளிவிட்டு, ஒன்று நாற்பதுக்கு மேல் எண்ணினாள். பதினொரு பேர். அண்ணனைச் சேர்த்தால் பன்னிரண்டு. இவர்களில் எத்தனை பேர் அந்தச் சீட்டைக் காட்டிக் கட்டுப் போட்டுக்கொண்டார்கள் என்று பதிவேட்டில் இல்லை.

முதல் பெயருக்கு நேரே 'ரிட்டையர்டு தபால்காரர், கெண்டைக்கால் வலி' என்று இருந்தது. ஒன்று நாற்பத்தாறு. பதினான்கு மாதம் ஆகிறது. பக்கத்தில் இருந்த போன் எண்ணை அழுத்தினாள். அந்தப் பக்கம் ஒரு பெண் எடுத்தாள்.

"நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன். கால் ரத்த ஓட்டம் பாக்கற இடம். தபால்காரர் ஐயா இருக்காங்களா?"

"ஓ, பம்ப் அக்காவா! நான் அவர் பொண்ணு. அப்பா வாக்கிங் போயிருக்காரு. கால் வலிக்குது, ரெண்டு வீடு தாண்ட முடியலன்னு தினமும் சாக்குச் சொல்வாரு. நாங்க விடறதில்லையே! உங்க சீட்டை பிரிட்ஜ் மேலயே ஒட்டி வெச்சிருக்கோம். அவர் முனகும்போதெல்லாம் அதைத்தான் காட்டுவோம். மிக நன்றுன்னு நீங்கதானே எழுதினீங்க?"

"ஆமாம்மா" என்றாள். "நான்தான் எழுதினேன். அவர நடக்க விடாம உடனே இங்க கூட்டிட்டு வாங்க."